எண்ணிச் சொல்ல ஒரு ஆள்

ஜிம் ட்ரெய்னர் பற்றிய என் பதிவைக் கேலி செய்து ஒரு அண்ணன் போட்ட அந்த ஸ்கிரீன்ஷாட்டை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். யார் போட்டது, கீழே யார் யார் சிரித்தது எல்லாம் பார்த்தாயிற்று. சிரித்தவர்களில் மூன்று பேர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் என்பதையும் பார்த்தேன். சரி.

"டம்பெல் தூக்க ஒரு ஆள், பக்கத்தில் நின்று எண்ணிச் சொல்ல இன்னொரு ஆள். பள்ளிக்கூடத்தில் ஒன்று இரண்டு சொல்லித் தரவில்லை போல." இதுதான் அந்த அண்ணன் எழுதியது. நன்றாகத்தான் இருக்கிறது. என்னைப் பற்றியதாக இல்லாவிட்டால் நானே லைக் போட்டிருப்பேன்.

நான் எழுதியதில் அப்படி என்ன இருந்தது? 47 வயதில் கொஞ்சம் தசை ஏற்றலாம் என்று முடிவு செய்திருக்கிறேன், அதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு பர்சனல் ட்ரெய்னர் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். யாரையும் ஜிம்முக்கு வா என்று கூப்பிடவில்லை. தூக்காதவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை. படம்கூடப் போடவில்லை.

எனக்கு எண்ணத் தெரியும். பத்து வரைக்கும் யார் துணையும் இல்லாமல் எண்ணுவேன். நான் பணம் கொடுப்பது எண்ணுவதற்கு இல்லை. என் முதுகை என்னால் பார்க்க முடியாது. அதைப் பார்ப்பதற்குத்தான்.

இது மூன்று வருடத்துக்கு முன்னால் கற்றுக்கொண்ட பாடம். அப்போது நானும் அண்ணன் கட்சிதான். எல்லாம் வீடியோவில் இருக்கிறது, எதற்கு ஒருவருக்குக் காசு என்று கேட்ட ஆள். டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் பளுக் கம்பியைப் பிடித்துத் தூக்கி நிமிர்வது) எப்படிச் செய்வது என்று எத்தனை வீடியோ பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இடுப்பைப் பின்னால் தள்ளு, முதுகை நேராக வை, கம்பியைக் காலோடு ஒட்டி ஏற்று. மனப்பாடம். ஜிம்மில் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே செய்தேன். கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினால் அந்தத் திருப்பத்திலேயே முதுகின் நேர் போய்விடுகிறது என்பது எந்த வீடியோவிலும் என் கண்ணில் படவில்லை. அப்புறம் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். பாதி நேரம் போன் சரிந்து மேற்கூரையைத்தான் எடுத்திருந்தது. எடுத்த மீதியில் என் முதுகு எனக்கு நேராகத்தான் தெரிந்தது.

நேராக இல்லை. ஐந்தாவது வாரம் கம்பியைக் கீழே வைக்கும்போது இடுப்பில் சுருக்கென்றது. அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று வாரம் என் ஷூ லேஸை என் மகன்தான் கட்டிவிட்டான். பதிமூன்று வயதுப் பையன் குனிந்து லேஸ் கட்டிவிட்டு, "இறுக்கமா இருக்காம்மா?" என்று கேட்பான். அவனுக்கு லேஸ் கட்டிவிடும்போது நான் கேட்ட அதே கேள்வி.

ஆக, வீடியோ தப்பு என்று சொல்லவில்லை. வீடியோவை நான் பார்க்கலாம், வீடியோ என்னைப் பார்க்காது.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு சின்னப் பெண். இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். என்னை அக்கா என்பாள். முதல் நாள் எடையே கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். ஐந்து முறை. பழைய அடி, மருந்து, தூக்கம் எல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம் ஒரு நீளக் குச்சியை என் முதுகோடு சேர்த்து வைத்துப் பிடிக்கச் சொன்னாள். தலையின் பின்பக்கம், மேல்முதுகு, இடுப்பின் அடிப்பகுதி என்று மூன்று இடத்தில் குச்சி படவேண்டும். அந்த மூன்றும் விலகாமல் இடுப்பிலிருந்து மட்டும் குனியவேண்டும். எவ்வளவு சுலபம்! முதல் தடவையே தலை விலகியது. தலையை ஒட்டினால் கீழே விலகியது. இரண்டு வாரம் குச்சியோடுதான் மல்லுக்கட்டினேன். அந்த இரண்டு வாரத்தில்தான் தெரிந்தது, வருடக்கணக்காக நான் "நேர்" என்று நினைத்திருந்தது நேரே இல்லை. எனக்குள் இருந்த ஸ்கேலே வளைந்திருந்தது. வளைந்த ஸ்கேலை வைத்துக்கொண்டு எத்தனை வீடியோ பார்த்து என்ன?

இந்தக் குச்சி விஷயத்தை அந்த அண்ணனுக்கு யாரும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு ஒரு தனிப் பதிவு வரும்.

சரி, வந்த ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

"ட்ரெய்னர் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள்." இதில் உண்மை இருக்கிறது, மறைக்கமாட்டேன். நானே ஒருவரிடம் மாட்டியிருக்கிறேன். இந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒரு மாதம். அவர் நிஜமாகவே எண்ண மட்டும்தான் செய்தார், அதையும் போனைப் பார்த்துக்கொண்டே. ஒரு நாள் எட்டு என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் நாளே புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றை நீட்டினார், அதுவும் அவரிடமே வாங்கவேண்டுமாம். அந்த ஆளைப் பற்றி அண்ணன் எழுதியிருந்தால் கீழே முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன்.

அதைவிட மோசமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவரை முதல் நாளே, உடம்பு எப்படிப்பட்டது என்று பார்க்காமல், ஸ்குவாட் மேல் ஸ்குவாட்டாக, அதாவது குந்திக் குந்தி எழுகிற பயிற்சியாக, போட வைத்தார்கள். மறுநாள் அவரால் படி இறங்க முடியவில்லை. அதற்கு மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனது. ராப்டோமயோலிசிஸ் என்று டாக்டர் சொன்னார். தசை நார்கள் அளவுக்கு மீறிச் சிதைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் போய்த் தாக்குகிற நிலை. பல நாள் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். "வலிச்சாத்தான் வளரும்" என்று கத்துகிற ட்ரெய்னரைப் பார்த்தால் எனக்கு அந்தக் கோலா நிறம்தான் ஞாபகம் வரும். உடற்பயிற்சிக்கு அப்புறம் அப்படி நிறம் மாறினால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், உடனே போய்விடுங்கள்.

ஆக, தப்பான ஆள் கிடைத்தால் ஆபத்துதான். ஆனால் அதற்கு மருந்து ஆளே வேண்டாம் என்பதா, சரியான ஆளைத் தேடுவதா? இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சேருவதற்கு முன்னால் அவர் இன்னொருவருக்குப் பயிற்சி கொடுப்பதை ஒரு மணி நேரம் தூர உட்கார்ந்து பாருங்கள். அவர் கண் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். போனிலா, கண்ணாடியில் தன் கையிலா, தூக்குகிறவர் மேலா? அப்புறம், போன வாரம் எவ்வளவு தூக்கினோம் என்று எழுதி வைக்கிறாரா? படிப்படியாகப் பளுவை ஏற்றுவதுதான் தசை வளர்வதன் சூட்சுமமே. 1945-இல் தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ மருத்துவர், அடிபட்ட சிப்பாய்களுக்குக் கனமான பளுவைக் கொடுத்துத் தேற்றியதைப் பற்றி எழுதினார். அதற்கப்புறம் எத்தனையோ மெஷின் வந்தாயிற்று, அடிப்படை அதேதான். நேற்று எவ்வளவு என்று தெரியாதவருக்கு இன்று எவ்வளவு ஏற்றுவது என்று எப்படித் தெரியும்? சான்றிதழும் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மாதத்தில் கை பெருத்துவிடும் என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தசை ஏற இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.

"ஆதாரம் இருக்கா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கேலி செய்யும்போது யாரும் ஆதாரம் கேட்கவில்லை, அது வேறு விஷயம். இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே ஓரளவு பழக்கமுள்ள ஆண்களை இரண்டாகப் பிரித்து, 12 வாரம் ஒரே பயிற்சித் திட்டத்தைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் பயிற்சியாளர் கூடவே நின்றார், இன்னொரு பக்கம் அவர்களே செய்தார்கள். திட்டம் ஒன்றுதான். ஆனால் பக்கத்தில் ஆள் நின்றவர்கள் பளுவை வேகமாக ஏற்றினார்கள், முடிவில் ஸ்குவாட்டிலும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் (படுத்துக்கொண்டு பளுவை மேலே தள்ளுவது) அதிகம் தூக்கினார்கள். சின்ன ஆய்வுதான், இருபது பேர். ஆனாலும் "எண்ண ஒரு ஆள்" என்பதற்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

"சாம்பியன்களுக்கே கோச் இருக்கிறார்களே" என்று எனக்காக ஒரு தோழி வாதாடியிருந்தாள். அன்புக்கு நன்றி, ஆனால் அது பொருந்தாது. நான் சாம்பியன் இல்லை. எனக்கு ஒரு கிலோ கூடுவதால் யாரும் மெடல் தரப்போவதில்லை.

"பெண்ணுக்கு எதுக்கு மசில், ஆம்பளை மாதிரி ஆயிடப்போறே." இதற்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

"காசு இருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு." இதுதான் கொஞ்சம் தைத்தது. என் காசு, நான் சம்பாதித்தது, யாரிடமும் கேட்கவில்லை என்று முதலில் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன், ஏனென்றால் கேள்வி அது இல்லை. முடியாதவர்கள் இருக்கிறார்கள், தெரியும். அவர்களுக்கு ட்ரெய்னர் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நான் சொல்லவே இல்லை. ஒவ்வொரு தசையையும் வாரத்துக்கு இரண்டு முறை வேலை வாங்குங்கள், பளுவை மெதுவாக ஏற்றுங்கள், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்குப் புரதம் சாப்பிடுங்கள் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்), நன்றாகத் தூங்குங்கள். முக்கால்வாசி இதுதான், இதற்குக் காசு தேவையில்லை. ஒரு நோட்டு வாங்கினால் போதும். விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார் என்றால் அதுவே போதும். எனக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. கிடைக்கக்கூடியவர்கள் ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதியிருக்கக் கூடாதோ? இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். எனக்கும் எழுத எழுதத்தான் தெரிகிறது.

அம்மாவுக்கு அப்போது 74 வயது. ஒரு நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். விழவில்லை. கட்டிலில் இருந்து மெதுவாகச் சரிந்து இறங்கியிருக்கிறார். எலும்பு முறியவில்லை, அடி இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல். போன் மேசை மேல் இருந்தது, கை எட்டவில்லை. என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்லடி, எழுந்திருக்க வரலை, அதான் அப்படியே உட்கார்ந்துட்டேன்" என்றார். ஏதோ தானே விரும்பி உட்கார்ந்த மாதிரி. உள்ளங்கைகள் இரண்டும் சிவந்திருந்தன. தரையை ஊன்றி ஊன்றிப் பார்த்திருக்கிறார்.

அதற்கப்புறம் பயம் வந்துவிட்டது. நடப்பதைக் குறைத்தார். நடப்பதைக் குறைக்கக் குறைக்கக் கால் இன்னும் மெலிந்தது. டாக்டரிடம் போனோம். "வயசாயிடுச்சு இல்லையா" என்றார். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். அதற்கப்புறம் அம்மா ஒன்றரை வருடம்தான் இருந்தார்.

பின்னால்தான் படித்தேன். முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. அதற்கு சார்கோபீனியா என்று ஒரு பெயரே இருக்கிறது. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்குக் காலுக்குக் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். சராசரி வயது தொண்ணூறு. எட்டு வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில். அதைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அம்மாவுக்கு எழுபத்து நான்குதானே? எட்டு வாரம் எங்களிடம் இருந்ததே? யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அவர் நாற்காலியிலிருந்து எழுவதை உட்கார்ந்து பார்த்திருந்தால், கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்று கவனித்திருந்தால்... நான்தான் தினமும் கூட இருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கவனிக்கவில்லை.

அதனால்தான் முதல் நாள் அந்தப் பெண் நாற்காலியைக் காட்டியதும் எனக்குத் தொண்டை அடைத்தது. அவளுக்கு ஏன் என்று தெரியாது. "கால் வலிக்குதா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இதெல்லாம் அந்த அண்ணனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு ஜோக் அடித்தார், அவ்வளவுதான். நான் பெரிதாக்குகிறேன் என்று நாளைக்கு ஒரு பதிவு வரும். வரட்டும். மூன்று மாதம் முடிந்ததும் நிறுத்திவிட்டு நானே செய்யலாம் என்றுதான் இருக்கிறேன், அந்தப் பெண்ணும் அதையேதான் சொல்கிறாள். அதற்குள் என் ஸ்கேல் நேரானால் சரி. ஆகாவிட்டால் இன்னொரு மூன்று மாதம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவள் எண்ணுவதே இல்லை. இடுப்புக்குப் பக்கத்தில் குனிந்து நின்று முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். மூச்சைப் பிடித்துவைக்கக் கூடாது என்பதற்காக என்னை வாய்விட்டு எண்ணச் சொல்லியிருக்கிறாள். நேற்று கடைசி செட்டில் எட்டு சொன்னேன், அடுத்ததைத் தூக்கிப் பத்து என்றேன்.

"ஒன்பதை விட்டுட்டீங்க அக்கா" என்றாள்.