கூழைக்கடா வெளிநாட்டுப் பறவை இல்லைங்க, அது நம்ம ஊர்ப் பிள்ளை

பொங்கல் லீவு முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். வருஷா வருஷம் ஜனவரில ஒரு தடவையாவது போயிருவேன், திருநெல்வேலிலேருந்து மூலைக்கரைப்பட்டி வழியா போனா சுமார் 35 கிலோமீட்டர், காலைல அஞ்சேகாலுக்கு பைக்க எடுத்தா விடியுறதுக்குள்ள கரைல போய் உக்காந்துரலாம். இந்த தடவ அண்ணன் மகனையும் கூட்டிட்டுப் போனேன், பத்து வயசு, வழியெல்லாம் குளிருதுன்னு முதுகுல ஒட்டிக்கிட்டே வந்தான்.

முதல்ல சத்தம்தான் வந்துச்சு. வயக்காட்டுப் பக்கமா இருந்து "ஆங் ஆங்"னு ஒரு கூட்டம் தலைக்கு மேல வந்து, ஒரு சுத்து சுத்தி, அப்படியே சரிஞ்சு தண்ணில எறங்குச்சு. வரித்தலை வாத்து. ராத்திரி பூரா வயல்ல மேஞ்சுட்டு விடியக்காலம் தண்ணிக்குத் திரும்புற நேரம் அது. வெள்ளைத் தலைல பின்பக்கமா ரெண்டு கறுப்புப் பட்டை, யாரோ மை தொட்டு வரைஞ்ச மாதிரி. லடாக், திபெத், மங்கோலியா பக்கம் முட்டை வச்சு குஞ்சு பொரிச்சுட்டு இமயமலையத் தாண்டி வர்ற பறவை. கருவி மாட்டி விட்டுப் பாத்ததுல 7,000 மீட்டருக்கு மேலயும் பறந்தது பதிவாயிருக்கு, அந்த உயரத்துல காத்துல ஆக்ஸிஜன் எவ்வளவு கம்மி, ஆனா இதோட ரத்தத்துல உள்ள ஹீமோகுளோபின் அந்தக் கொஞ்ச ஆக்ஸிஜனையும் கெட்டியா புடிச்சுக்கிற மாதிரி அமைஞ்சிருக்கு. பையன்கிட்ட இதச் சொன்னதும் குளிரெல்லாம் மறந்துபோச்சு, பைனாகுலர என்கிட்ட திருப்பித் தரவே இல்ல.

நல்லா வெளிச்சம் வந்தப்புறம் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிச்சுது. நடுத்தண்ணில ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கலந்து ஒரு பெரிய கூட்டம், ஓரத்துச் சேத்துல பொறி உள்ளான் வால ஆட்டி ஆட்டி நடக்குது, கொஞ்சம் தள்ளி சேற்றுப் பூனைப்பருந்து ஒண்ணு தாழப் பறந்து வரவும் அத்தனை வாத்தும் ஒரே நேரத்துல எந்திரிச்சு, குளமே எந்திரிச்ச மாதிரி இருந்துச்சு. குளத்துக்குள்ள நிக்கிற கருவேல மரங்கள்ல சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் (பெலிகன்னு சொல்லுவாங்களே, அதுதான்) கூடு கட்ட குச்சி தூக்கிட்டு வருது போகுது. ஆண் நாரை கொண்டு வந்த குச்சிய பெட்டை வாங்கி, வச்சுப் பாத்து, எடுத்து, வேற எடத்துல வச்சு... இத ஒரு மணி நேரம் பாத்துட்டே இருக்கலாம், நாங்க பாத்தோம்.

ஒரு ஒம்பது மணி இருக்கும், ஒரு வேன்ல குடும்பமா வந்து எறங்குனாங்க. அப்பா பிள்ளைங்களுக்கு கையக் காட்டி, "இதெல்லாம் ஆஸ்திரேலியாலேருந்து வந்த பறவை, நம்ம ஊருக்கு டூர் வந்திருக்கு"ன்னு சொல்லிட்டு இருந்தாரு. அவரு காட்டுனது கூழைக்கடாவ. பக்கத்துல ஆட்டுக்கு தழை ஒடிச்சுட்டு நின்ன உள்ளூர் ஆச்சி ஒருத்தங்க அதக் கேட்டுட்டு, "ஆஸ்திரேலியால்லாம் இல்லய்யா, எங்க வீட்டு பொறவாசல்ல நிக்க புளியமரத்துல பொறந்தது. வேணும்னா வந்து பாருங்க, இப்பவும் மூணு கூடு இருக்கு"ன்னு சொன்னாங்க. அவங்க குரல்ல கோவம் இல்ல, ஆனா ஒரு வருத்தம் இருந்துச்சு, தன் பேரப்பிள்ளைய யாரோ வேற வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிட்ட மாதிரி.

அந்த அப்பாவ நான் குத்தம் சொல்லல. வருஷா வருஷம் டிசம்பர் ஆனா பேப்பர்லயும் டிவிலயும் "வெளிநாட்டுப் பறவைகள் வருகை"ன்னு போட்டு கூழைக்கடா படத்தத்தான் வைக்கிறாங்க. நானே காலேஜ் படிக்கிற வரைக்கும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். ஆனா இது எனக்கு சின்ன விஷயமா படல, அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

ஒரு பறவை எந்த ஊருன்னு எத வச்சு சொல்லுவீங்க? அது எங்க கூடு கட்டி முட்டை வைக்குதோ அதுதான் அதோட ஊரு. கூழைக்கடா இந்தியா, இலங்கை, கம்போடியான்னு கொஞ்ச எடத்துலதான் கூடு கட்டும், உலகத்துல வேற எங்கயும் பெருசா கெடையாது. அச்சுறுத்தல் நிலைக்குக் கிட்ட வந்துட்ட பறவைன்னு உலக அளவுல பட்டியல்ல இருக்கு. அப்ப அதோட தாய்வீடே நம்ம குளங்கதான். சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாமே இங்க பொறக்குறதுதான். தண்ணியும் மீனும் எங்க இருக்கோ அங்க எடம் மாறிட்டே இருக்கும், அவ்வளவுதான். நாம மெட்ராஸ்ல வேலை பாத்துட்டு பிரசவத்துக்கு ஊருக்கு வர்ற மாதிரி. பூநாரை கூட குஜராத் கட்ச் பாலைவனத்துல கூடு கட்டுற பறவைதான்.

சரி, நெசமாவே வெளியிலேருந்து வர்றது? அதுலயும் எனக்கு ஒரு கேள்வி இருக்கு. நம்ம பக்கம் சூறைக்குருவின்னு சொல்லுவாங்கள்ல, சோளப்பட்சின்னும் சொல்லுவாங்க, ரோஸ் கலர் மைனா, சாயங்காலம் வானத்துல புகை மாதிரி சுருண்டு சுருண்டு பறக்குமே. அது கூடு கட்டுறது மத்திய ஆசியா பக்கம். ஆனா ஜூலை கடைசி, ஆகஸ்ட்லயே இங்க வர ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் இருக்கு. வருஷத்துல முக்காவாசி நாள் இங்க. பொறி உள்ளானும் கிட்டத்தட்ட அப்படித்தான். பன்னெண்டு மாசத்துல எட்டு மாசம் நம்ம ஊர்ல திங்கிற, தூங்குற ஒரு உசுர விருந்தாளின்னு சொல்ல எனக்கு மனசு வரல.

விருந்தாளின்னு சொல்றதுல உள்ள சிக்கலே அதுதான். விருந்தாளி போயிருவான், சீசன் முடிஞ்சா நம்ம வேலையும் முடிஞ்சுது. சில வருஷத்துக்கு முன்னாடி நான் வேலைக்குப் போற வழில ரோட்டோரம் ஒரு பெரிய மருதமரம் இருந்துச்சு, அதுல நிறைய வக்கா கூடு. ஒரு ஏப்ரல் மாசம் சாயங்காலம் வர்றேன், மரம் கீழ கெடக்கு, குஞ்சுங்க ரோட்டுல கெடக்கு. வெட்டிட்டு இருந்தவர்கிட்ட கேட்டேன், "வெளிநாட்டுப் பறவை சார், எப்படியும் போயிரும்"னு சொன்னாரு. அவரு மனசு கெட்டவர் கெடையாது, அவருக்கு யாரும் வேற சொல்லித் தரல. அந்த ஒரு வார்த்தைல எத்தனை குஞ்சு செத்துச்சுன்னு இன்னைக்கும் என்னால மறக்க முடியல.

கணக்குப் போட்டுப் பாருங்க. கூழைக்கடா ஜனவரி கடைசில முட்டை வைக்குதுன்னு வச்சுக்குவோம். அடைகாக்க ஒரு மாசம். பொரிச்ச குஞ்சு ஒழுங்கா பறக்குறதுக்கு மூணு மாசத்துக்கு மேல ஆகும். மே தாண்டிரும். நாம எப்ப போறோம்? பொங்கல் லீவுல போறோம், பிப்ரவரில கொஞ்ச பேரு, அப்புறம் வெயிலுக்குப் பயந்து யாரும் எட்டிப் பாக்குறதில்ல. குஞ்சுக்கு பசி அதிகமாகுறதும் குளத்துல தண்ணி வத்துறதும் ஒரே சமயத்துல நடக்குது. அப்ப தாய்ப்பறவை மீனுக்கு எங்க போகும்? பக்கத்து ஊருக் குளம், அதுக்கு அடுத்த ஊருக் குளம்னு தூரமா பறந்து போய் தேடிட்டு வரும். வெயில்ல குஞ்சு வாடாம இருக்க நாரை ரெக்கைய விரிச்சு குடை மாதிரி நிக்கும், அப்ப ஒண்ணு நிக்கணும், இன்னொண்ணு மீனுக்குப் போகணும். கூந்தன்குளத்த சுத்தி வேலி போட்டு போர்டு வச்சா மட்டும் பத்தாது, யாரும் பேர் கூட சொல்லாத அந்த சாதாரணக் குளங்கள்ல தண்ணியும் மீனும் இருந்தாத்தான் கூந்தன்குளத்துக் குஞ்சு பொழைக்கும். இந்தக் குளங்களுக்கு வர்ற மணிமுத்தாறு அணைத் தண்ணி கால்வாய்ல கடைசி வரைக்கும் வந்து சேருதாங்கிறது விவசாயிக்கு மட்டும் உள்ள பிரச்சனைன்னு நெனச்சோம்னா அது தப்பு.

கூந்தன்குளத்துக்காரங்களுக்கு இதெல்லாம் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 1994ல அரசு சரணாலயம்னு அறிவிச்சுது, சுமார் 129 ஹெக்டேர், 2022 ஆகஸ்ட்ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேந்ததா அறிவிப்பு வந்துச்சு. நல்ல விஷயம், சந்தோஷம். ஆனா அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே ஊர்க்காரங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. தீபாவளிக்கு வெடி போட மாட்டாங்க. ஒரு வருஷம் வெடி இல்லாம இருக்கிறதே நமக்கு எவ்வளவு கஷ்டம், அங்க தலைமுறையா பிள்ளைங்க அத ஏத்துக்கிட்டு வளருது. வீட்டு மரத்துல கூடு கட்டுனா முத்தமெல்லாம் எச்சம், மீன் நாத்தம், சத்தம், யாரும் கல்லெடுக்கிறதில்ல, வரலைன்னாத்தான் கவலைப்படுறாங்க. கூட்டுலேருந்து விழுந்த குஞ்ச எடுத்து மீன் ஊட்டி வளக்குறதும் அங்க உண்டு. எச்சம் விழுந்த தண்ணியும் கோடைல எடுக்கிற கரம்பை மண்ணும் வயலுக்கு உரம். பறவைக்கு ஊரு, ஊருக்கு பறவை.

போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கரைல ஒரே எடத்துல உக்காருங்க, பறவைய தேடி நாம போக வேண்டாம், அரை மணி நேரம் ஆடாம இருந்தா அதுவே கிட்ட வரும். பறக்குற போட்டோ வேணும்னு கை தட்டாதீங்க, கூடு கட்டுற நேரத்துல கூட்ட விட்டு எழுப்புனா காக்காவுக்கு முட்டைய எடுத்துக் குடுத்த மாதிரி. பெரிய கேமரா தேவையில்ல, சுமாரான பைனாகுலர் போதும். ஜனவரில தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, 2011லேருந்து, தன்னார்வலர்களா போய் குளம் குளமா எண்ணுறாங்க, பேர் குடுத்துப் பாருங்க. நான் பறவை அடையாளம் கத்துக்கிட்டதே அங்கதான்.

அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புடைமருதூர்னு ஒரு ஊரு, அங்க ஊருக்குள்ள உள்ள மரங்கள்லயே நாரையும் கொக்கும் கூடு கட்டுது, 2005ல அந்த எடத்த பறவைகளுக்காகவே காப்பகமா அறிவிச்சாங்க. இந்த மாதிரி ஊரெல்லாம் இருக்கிறப்ப நம்ம பிள்ளைங்க ஆஸ்திரேலியாப் பறவைன்னு படிச்சு வளரணுமா?

அன்னைக்கு அந்த வேன் குடும்பம் ஆச்சி வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தாங்க. நாங்களும் கூடவே போனோம். புளியமரத்துல மூணு கூடு, ஒண்ணுல பெட்டை உக்காந்திருந்துச்சு, கீழ ஆச்சி வீட்டுக் கோழி மேயுது. ஆச்சி அண்ணன் மகன்கிட்ட, "மே மாசம் வா தம்பி, குஞ்சு ரெக்கைய அடிச்சுப் பழகும், கொம்புலேருந்து கொம்புக்குத் தாவும், அப்பத்தான் பாக்கணும்"னு சொன்னாங்க. அவன் வீட்டுக்கு வந்து காலண்டர்ல மே மாசப் பக்கத்துல வட்டம் போட்டு வச்சிருக்கான்.

நாங்க போறோம். கூட வர்றவங்க சொல்லுங்க. தொப்பியும் தண்ணியும் எடுத்துட்டு வாங்க, அப்ப கரைல நெழல் கம்மி.