கஅபா தெரியும் அறையின் விலை

மக்காவில் கஅபாவைச் சூழ்ந்த பெரிய பள்ளிவாசலான ஹரம் ஷரீஃபை ஒட்டி நிற்கும் ஹோட்டல்களில் ஒரே அளவுள்ள இரண்டு அறைகளுக்கு இரண்டு விலை உண்டு. திரையை விலக்கினால் கஅபா தெரியும் அறைக்கு ஒரு விலை, மலையும் கட்டடமும் தெரியும் அறைக்கு வேறொரு விலை. ‘கஅபா வியூ’ என்றே பெயரிட்டு அதை இணையத்தில் விற்கிறார்கள். பணம் பெருகிய முஸ்லிம் சமூகங்கள் நுகர்வுக்கு எவ்வளவு இடம் கொடுத்துவிட்டன என்று பேச்சு வந்தால் பலரும் துபாயின் மால்களைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். துறைமுகமாகவும் சந்தையாகவும் வளர்ந்த ஊர் கடை விரிப்பதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என் வருத்தமெல்லாம் மக்காவைப் பற்றியது.

மக்காவும் நபிகளாரின் குலமான குறைஷியர் காலந்தொட்டு வணிகர்களின் ஊர்தான், மறுக்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் வியாபாரம் செய்வதை மார்க்கம் தடுக்கவும் இல்லை. ஆனால் ஹாஜிக்குப் பேரீச்சம்பழமும் தஸ்பீஹ் மணியும் விற்பது ஒன்று, கஅபாவின் அருகாமையையே தரம் பிரித்து விற்பது முற்றிலும் வேறொன்று. மஸ்ஜிதுல் ஹராமை, அதாவது ஹரம் பள்ளிவாசலை, உள்ளூரில் வசிப்பவருக்கும் வெளியிலிருந்து வருபவருக்கும் சமமாக ஆக்கியிருப்பதாகக் குர்ஆனின் ஹஜ் அத்தியாயத்து 25ஆம் வசனம் சொல்கிறது. இந்தச் சமத்துவம் பள்ளிவாசலுக்கு மட்டுமா, மக்கா மண் முழுவதற்குமா என்று தொடக்ககால அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். ஹாஜிகள் வந்து தங்குவதற்குத் தடையாக இருக்கக் கூடாது என்பதற்காக, மக்காவாசிகள் தம் வீடுகளுக்குக் கதவு வைக்க வேண்டாம் எனக் கலீஃபா உமர் (ரலி) சொன்னதாகத் தஃப்சீர் எனும் குர்ஆன் விரிவுரை நூல்கள் பதிவு செய்கின்றன. அந்நகரின் வீடுகளை வாடகைக்கு விடுவதை ஹனஃபி சட்டப்பிரிவின் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) விரும்பவில்லை. ஷாஃபிஈ சட்டப்பிரிவின் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அனுமதித்தார்கள். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளாகவும் உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபிகளாகவும் வாழும் தமிழ் முஸ்லிம்களுக்கு இந்த இரு இமாம்களும் நெருக்கமானவர்கள். வாடகை வாங்கலாமா என்பதே ஒருகாலத்தில் மனச்சாட்சியின் கேள்வியாக இருந்த நகரத்தில், இன்று எந்தக் கோணத்தில் பார்த்தால் எத்தனை ரியால் என்று பட்டியல் போடுகிறார்கள்.

மக்காவின் பண்பாடு என்று நான் கருதுவது கட்டடங்களை மட்டுமல்ல, விருந்தோம்பலுக்காக அந்த நகரம் தலைமுறை தலைமுறையாக அமைத்துக்கொண்ட ஏற்பாடுகளையும்தான். நம் பெரியவர்கள் ‘முஅல்லிம்’ என்று அழைத்த முதவ்விஃப் எனும் ஹஜ் வழிகாட்டிக் குடும்பங்கள் இந்தியருக்கு, ஜாவாக்காரருக்கு, துருக்கியருக்கு என நாடுவாரியாகப் பொறுப்பேற்று, ஹாஜிகளைத் தம் வீடுகளிலேயே தங்கவைத்து, கஅபாவை வலம்வரும் தவாஃப் முதல் ஊர் திரும்பும் வரை உடனிருந்து கவனித்தன. அதற்குக் கட்டணமும் இருந்தது, சில நேரங்களில் ஏமாற்றும் இருந்தது. ஆயினும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அந்தத் தொழிலில் வந்தவரின் மொழியும் ஊரும் தெரிந்த ஒரு மனிதர் இருந்தார். இப்போது அந்த வேலையை நிறுவனங்கள் நடத்துகின்றன.

அதே போன்றவைதாம் ருபாத்கள். ஏழை ஹாஜிகள் இலவசமாகத் தங்குவதற்கென வக்ஃப், அதாவது அறக்கொடை, செய்யப்பட்ட இல்லங்கள் அவை. ஹைதராபாத் நிஜாமின் ருபாத்தில் பழைய ஹைதராபாத் ராஜ்யப் பகுதிகளிலிருந்து வருபவர்கள் இன்றும் தங்குகிறார்கள். தலச்சேரியின் மாயன்குட்டி கேயி 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ருபாத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ஹரம் விரிவாக்கத்துக்காக 1971இல் அதை இடித்தார்கள். அதற்கான இழப்பீடு 14 லட்சம் ரியால், உரியவர் யார் என்ற சிக்கல் தீராமல் சவூதிக் கருவூலத்திலேயே தங்கிவிட்டது. மலபாரின் ஒரு வணிகர் தம் செல்வத்தைக் கொண்டு ஏழைக்குக் கஅபாவின் அருகில் இடம் வாங்கிக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. செல்வந்தர்கள் அப்போதும் இருந்தார்கள், அந்தச் செல்வம் போன திசைதான் வேறாக இருந்தது.

2002இல் ஹரமுக்கு மேலே குன்றின் மீது நின்ற அஜ்யாத் கோட்டை, அது நின்ற குன்றோடு சேர்த்துத் தகர்க்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உஸ்மானியர் கட்டிய கோட்டை அது. துருக்கி கடுமையாகக் கண்டித்தது, பயனில்லை. அந்த இடத்தில் எழுந்ததே 601 மீட்டர் உயர மணிக்கூண்டுக் கோபுரமும் அதைச் சூழ்ந்த ஹோட்டல்களும் மாலும். மேற்கே ஜபல் உமர் குன்றும் இதேபோல் சமப்படுத்தப்பட்டு ஹோட்டல் வரிசையாகிவிட்டது, அதைக் கட்டுவது பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம். ஹஜ் ஆய்வு மையத்தை நிறுவிய கட்டடக்கலைஞர் சாமி அங்காவி பல்லாண்டுகளாக இந்த இடிப்புகளை எதிர்த்துக் குரல் கொடுத்தார்.

ஹஜ் காலம் அல்லாமலும் செய்யக்கூடிய உம்ரா பயணத்துக்கு நான் சென்றிருந்தபோது, சுபுஹுத் தொழுகை முடிந்து மன்னர் அப்துல் அஜீஸ் வாசல் வழியாக வெளியே வந்தால் எதிரே அந்தக் கோபுரத்தின் மால்தான் நின்றது. ஹஜ், உம்ரா வேளையில் அணியும் இஹ்ராம் துணியோடு ஒருவர் நகரும் படியில் ஏறிச் சென்றார். மேலே ஓர் அத்தர் கடைக்காரர் வழக்கம்போல் மாதிரிக்குத் தெளிக்கக் கையை நீட்ட, அவர் பதறிப் பின்வாங்கினார், இஹ்ராமில் நறுமணம் கூடாது என்பதால். வெளியே பளிங்குத் தரையில், அட்டையை விரித்து இரவைக் கழித்த முதியவர்கள் ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே உள்ள ஹோட்டல்களில், கீழே இறங்காமலேயே ஹரம் இமாமைப் பின்பற்றித் தொழ வசதியாகத் தனித் தொழுகைக் கூடங்கள் இருக்கின்றன. தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டிய வரிசையிலிருந்து வசதி படைத்தவர் இப்படி விலகிக்கொள்ள முடிகிறது என்பது, குன்று இடிபட்டதை விடவும் என்னை வருத்துகிறது.

பழைய இடங்களை விட்டுவைத்தால் மக்கள் அவற்றுக்குப் புனிதம் கற்பித்து, இறைவனுக்கு இணைவைக்கும் ஷிர்க்கில் விழுந்துவிடுவார்கள் என்பது சவூதி ஆலிம்கள் பலர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் காரணம். அந்த அச்சத்தை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை, தவ்ஹீதை, ஓரிறைக் கொள்கையை, காக்கும் கவலையிலிருந்து வருவது அது. ஆனால் ஒரு கோட்டைச் சுவரில் ஆபத்தைக் கண்டவர்கள், செல்வத்தைப் பெருக்கும் போட்டி கப்றுகளை (மண்ணறைகளை) சந்திக்கும் வரை உங்களைப் பராக்காக்கிவிட்டது என்று எச்சரிக்கும் ‘தகாஸுர்’ அத்தியாயம் ஓதப்படும் பள்ளியின் வாசலில் ஒரு வணிக வளாகத்தைக் கட்டும்போது ஏன் அதே ஆபத்தைக் காணவில்லை? இந்தக் கேள்விக்கு யாரும் எனக்கு நிறைவான பதில் சொன்னதில்லை.

இடம் தேவைப்பட்டது என்பது உண்மை. 2024இல் மட்டும் 18 லட்சத்துக்கும் அதிகமானோர் ஹஜ் செய்தார்கள். ஆண்டுக்கு 3 கோடி வெளிநாட்டு உம்ரா பயணிகளை வரவேற்பது ‘விஷன் 2030’ திட்டத்தின் இலக்கு. கஅபாவை வலம்வரும் இடமான மதாஃபை விரிவாக்கியதையும், ஹாஜிகள் கல்லெறியும் ஜம்ராத் பாலத்தை அடுக்கடுக்காகக் கட்டி நெரிசல் சாவுகளைக் குறைத்ததையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மணிக்கூண்டுக் கோபுரமே ஒரு வக்ஃப்தான், அதன் வருமானம் ஹரமுக்குரியது என்பதும் தெரியும். என் வாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வக்ஃப் என்றால் அதன் மிக அருகிலுள்ள அறைகள் யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும்?

இதில் நாமும் தூரத்தில் நின்று பார்ப்பவர்கள் அல்ல. இந்திய ஹஜ் கமிட்டி வழியாகச் செல்பவர்களில் பெரும்பாலோர் ஹரமிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அஜீஸியாவில் தங்குகிறார்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துச் சென்ற மூதாட்டி ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஹரமுக்கு வந்துபோக முடியாமல் திணறுகிறார். அதே வேளையில் நம் ஊர்ப் பயண நிறுவனங்கள் ரமலானின் கடைசிப் பத்துக்கு ‘ஐந்து நட்சத்திர பேக்கேஜ்’ விளம்பரம் செய்கின்றன. அவை இடம்பெறுவது ஜமாஅத் நாட்காட்டிகளில்தான். ஹாஜியார் எந்த ஹோட்டலில் தங்கினார் என்பது வலீமா எனும் திருமண விருந்து வீடுகளில் பேச்சாகிறது.

கோபுரத்தின் சில தளங்களையாவது ருபாத்தாக மாற்றி, முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் ஏழைகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று இந்தியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஹஜ் ஒப்பந்தம் பேசச் செல்பவர்கள் கேட்கட்டும். அந்த நாடுகளிலிருந்து ஹஜ்ஜுக்குப் பெரும் எண்ணிக்கையில் செல்கிறார்கள், கேட்கும் தகுதி அவர்களுக்கு உண்டு. ஆண்டுதோறும் உம்ரா செல்லும் வசதியுள்ளவர்கள் ஒரு பயணத்தை விட்டுக்கொடுத்து, தம் மஹல்லாவில் (பள்ளிவாசல் பகுதியில்) இதுவரை ஒருமுறைகூடப் போகாத ஒருவரை அனுப்பலாம், அவருக்கு ஹரமின் அருகிலேயே அறை பிடித்துக் கொடுத்து.