67, 59: எந்த முறையில் அளந்தது?

முந்தாநாள் இங்கே சுற்றிய, புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு பிள்ளையின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜூனில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 67, இப்போது 59. கீழே வந்த கமெண்டுகளை வாசித்து வயிறு எரிகிறது. "சிவப்பு மருந்து பிள்ளைக்க நெஞ்சத் தின்னுட்டு, ஊசிய நிறுத்துங்க." அந்த அம்மாவும் இதை வாசித்துக்கொண்டுதானே இருப்பார்?

ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். முதலாவது எம்-மோடு. இரண்டாவது சிம்ப்சன் முறை. மெஷின் வேறு, எடுத்த ஆள் வேறு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து எட்டு குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்த 59-ம் இயல்பான அளவுதான்.

எம்-மோடில் இடது கீழறைக்குக் குறுக்கே ஒரே ஒரு கோடு. அறை 36 மி.மீ. விரிந்து 23-க்குச் சுருங்கினால் இ.எஃப். 67. அந்த 23-ஐ 25 என்று குறித்துவிட்டால் 59. இரண்டே மில்லிமீட்டர்! கர்சர் உள்சுவரின் ஓரத்தில் நின்றதா, கொஞ்சம் தள்ளி நின்றதா என்பதுதான் விஷயம். சிம்ப்சனில் அறையின் ஓரத்தையே வரைகிறோம், அது மேல். ஆனால் ப்ரோபை (நெஞ்சில் வைத்துப் பார்க்கும் கருவி) ஒரு விலா மேலே வைத்தால் இதய நுனி வெட்டுப்பட்டு அறை குட்டையாகத் தெரியும். பிள்ளை அழுது இ.சி.ஜி. வயரைப் பிடுங்கிவிட்டால், எந்த ஃபிரேமில் அறை முழுசாக விரிந்தது என்பதே ஊகம். 2டி எக்கோவில் இதயம் கொஞ்சமும் மாறாமலே பத்து புள்ளி வரை வித்தியாசம் வரும். திரும்பவும் சொல்கிறேன்: ஒரே முறை, ஒரே மெஷின், முடிந்தால் ஒரே கை.

"அப்போ மருந்து நெஞ்சுக்கு நல்லதுன்னு சொல்லுதீங்களா?" என்று வருவார்கள். அந்தச் சிவப்பு மருந்துகள், அதாவது டாக்ஸோரூபிசினும் டானோரூபிசினும், இதயத்தைப் பாதிக்கும் மருந்துகள்தான். அதனால்தான் அளவு நம்பும்படி இருக்கவேண்டும் என்று கத்துகிறேன். பொய்யான பயத்தில் ஊசியை நிறுத்தினால் புற்றுநோய் திரும்பலாம். காய்ச்சலும் ரத்தசோகையும் இருக்கும்போது எடுத்தால் இதயம் வேகமாக அடித்து எண் நன்றாகத் தெரியும், உண்மையான சரிவு மறைந்துவிடும்.

"நம்ம ஊர்ல அவ்வளவு வசதி எங்க?" இன்னும் துல்லியமாக அளக்கும் 3டி ப்ரோபுக்குச் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உயரம், எடை, ரத்த அழுத்தம், இதயத்துடிப்பு, அளந்த முறை என்று ரிப்போர்ட்டில் ஐந்து வரி எழுத என்ன செலவு? மூன்று துடிப்பின் சராசரி எடுக்க? ஜெல்லைச் சூடாக்கி, போனில் கார்ட்டூன் போட்டுக் காட்ட? படங்களை சி.டி.யில் கொடுக்க? அந்த ரிப்போர்ட்டில் அளந்த முறையைத் தவிர இதில் ஒன்றும் இல்லை. ஸ்ட்ரெயின் (இதயத் தசை எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்ற அளவு) பார்த்த இடத்தில்கூட சாஃப்ட்வேர் பெயர் இல்லை. 20 இருந்தது 17 ஆனால் அது 15 சதவீதச் சரிவு, கவனிக்கவேண்டியதுதான். ஆனால் இரண்டும் ஒரே சாஃப்ட்வேரில் எடுத்ததா என்று தெரியாமல் அந்த 17-ஐ வைத்து என்ன செய்வது?

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் காலை பஸ்ஸில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். மடியில் தொப்பி போட்ட பிள்ளை, பிளாஸ்டிக் கவருக்குள் ஃபைல், அதில் மழையில் நனைந்து மங்கிப்போன எக்கோ பிரிண்ட். அவ்வளவு தூரம் போகிற அம்மாவின் கையில் நாம் கொடுத்தனுப்புவது அந்த மங்கிய தாள்தான்.

இன்னொன்று மனசில் கிடந்து அரிக்கிறது. சிகிச்சை முடிந்து, முடி வளர்ந்து, பிள்ளை ஸ்கூலுக்குப் போனபிறகு யார் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள்? பாதிப்பு பத்து வருஷம் கழித்தும் வரும். சிவப்பு மருந்தின் மொத்த டோஸ் (டாக்ஸோரூபிசின் கணக்கில்) உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 250 மி.கி. எட்டிய பிள்ளைக்கு ஆயுள் முழுக்க இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். அந்த மொத்த டோஸ் பல வீட்டு ஃபைலில் எழுதப்படவே இல்லை. பெற்றோர்களே, அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் கேட்டு, முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி வாங்குங்கள். பக்கத்திலேயே முதல் எக்கோவின் தேதியும் அளந்த முறையும்.