மாமா துடுப்பு வலித்தது பற்றரி செத்ததால் இல்லை

மூன்று நாளாகப் பேசாமல் இருந்தேன். படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் அதை இங்கே திரும்பப் போடவில்லை. மட்டக்களப்பு வாவியில் மண்முனைப் பாலத்தின் மேல் நின்று எடுத்தது. கீழே ஒரு தோணி, பின்னால் கரண்ட் மோட்டரைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்திருக்கிறது, நடுவில் ஒரு அசிட் பற்றரி (ஈயத்தகடும் அசிட்டும் உள்ள பழைய வகை), முன்னால் ஒரு மனுசன் குனிந்து துடுப்பு வலிக்கிறார். அதற்கு மேலே, "லிதியம் போடச் சொன்னால் கேட்காதவர்களின் கதி" என்று எழுத்து. லிதியம் என்றால் விலை கூடிய புதுவகைப் பற்றரி. கீழே இருநூறுக்கு மேல் சிரிப்பு.

அந்த மனுசன் என் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

அந்தப் பற்றரி சாகவில்லை. முதலில் இதைக் கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. படம் எடுத்த அந்த நேரத்தில் அதில் ஏறத்தாழ அரைவாசி சார்ஜ் இருந்தது. சுவிட்சைப் போட்டிருந்தால் மோட்டர் ஓடியிருக்கும், அவர் துடுப்பைத் தொடாமலே கரைக்கு வந்திருப்பார். வேண்டுமென்றேதான் நிறுத்தினார்.

அசிட் பற்றரியை அரைக்குக் கீழே இறக்கக்கூடாது. இறக்கினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, ஓடும். ஆனால் அதன் ஆயுள் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டு போகும், இறக்கியபடி நாட்கணக்கில் விட்டால் ஈயத்தகட்டில் சல்பேற்று படிந்து இறுகிவிடும், அதன்பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. இதை மாமா எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. தோணியில் ஒரு சின்ன வோல்ற் மீற்றர் பொருத்தியிருக்கிறார். வலை போடும்போது மோட்டரை நிறுத்திக் கொஞ்ச நேரம் பற்றரியை ஆறவிட்டு மீற்றரைப் பார்ப்பார். 12.7 என்றால் நிறைவு. 12.1 வந்தால் அரை. 12.1 வந்துவிட்டால் மோட்டரைத் தூக்கிவிட்டுத் துடுப்பை எடுப்பார். ஒருநாள் நான் கேட்டதற்கு, "மாட்டை இண்டைக்கே அடிச்சு ஓட்டி முடிச்சா, மறுகா நாளைக்கு என்னத்த வெச்சு உழுற மருமகன்?" என்றார்.

இதைத்தான் அறியாமை என்று எழுதினீர்கள்.

அன்றைக்கு ஏன் நடுவழியிலேயே 12.1 வந்தது என்றும் சொல்கிறேன். மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று. அவர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குத் திரும்புகிறார், காற்று நேரே முகத்தில். வழமையாக நடுவேகத்தில் 12, 15 அம்பியர் எடுக்கிற மோட்டர் அன்றைக்கு முழு வேகத்தில் 30 அம்பியர் எடுத்திருக்கிறது. பற்றரியில் 100 அம்பியர்-மணி என்று அச்சடித்திருப்பது, 5 அம்பியராக 20 மணித்தியாலம் மெதுவாக எடுத்தால் வருகிற கணக்கு. 30 அம்பியராக இழுத்தால் அதே பற்றரி 60, 70 அளவில் நின்றுவிடும். லிதியத்தில் இந்தக் குறைவு மிகச் சிறிது, அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மாமா தன்னிடம் இருப்பது என்ன என்று தெரிந்துதான் அதை நடத்துகிறார். இரண்டு வருடத்துக்கு மேலாக, வாரத்தில் நாலு நாள், ஒரே பற்றரி. உங்களில் எத்தனை பேர் உங்கள் மோட்டார் சைக்கிள் பற்றரியை அப்படி வைத்திருக்கிறீர்கள்?

"நீண்ட காலக் கணக்கில் லிதியம்தான் மலிவு" என்று ஒரு தம்பி பெரிய விளக்கம் எழுதியிருந்தார். சரி, கணக்கு சரிதான். நல்ல டீப் சைக்கிள் அசிட் பற்றரி, அதாவது திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றவென்று செய்தது, அரை அளவில் பாவித்தால் 300, 500 தடவை சார்ஜ் ஏற்றி இறக்க வரும், லிதியம் இரண்டாயிரத்தைத் தாண்டும் என்று செய்கிறவர்களே எழுதித் தருகிறார்கள். ஒரு தடவைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் லிதியம்தான் வெல்லும். ஆனால் தம்பி, லிதியத்துக்கு வேண்டிய மூன்று மடங்கு காசை முதல்நாளே கையில் வைத்திருக்கிறவனுக்குத்தான் அந்த வகுத்தல் கணக்கு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது மாமாவிடம் ஒரு பழைய எண்ணெய் மோட்டர் இருந்தது. ஒரே இரவில் அது வீட்டு மூலையில் சும்மா கிடக்கிற இரும்பாகிவிட்டது. பிறகு ஒரு வருடத்துக்கு மேல் கோல் ஊன்றியும் துடுப்பு வலித்தும்தான் தொழில் செய்தார். இந்த 30 இறாத்தல் தள்ளுவிசையுள்ள கரண்ட் மோட்டரை வேறொருவர் பாவித்துக் கழித்த விலைக்கு வாங்கினார், பற்றரிக்கு மாமி சீட்டுக்காசு எடுத்துக் கொடுத்தா. அந்த நேரத்தில் லிதியம் வாங்கு என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? தொழிலுக்குப் போகாதே என்றுதான் அர்த்தம்.

அதோடு அசிட் பற்றரி செத்தால் பழைய ஈயத்தை நிறுத்துக் காசு தருவார்கள், புதியது வாங்கும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். லிதியம் செத்தால் அதை வாங்க எங்கள் பக்கம் ஆள் இல்லை. இதை ஒருவரும் எழுதவில்லை.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "நீ மட்டும் லிதியம் வைத்திருக்கிறாய்தானே" என்று கேட்பீர்கள். ஓம், என்னிடம் லிதியம்தான் இருக்கிறது. நல்ல சாமான். 12 கிலோதான், சார்ஜ் கெதியாக ஏறும், கடைசி வரைக்கும் வேகம் குறையாது. ஆனால் அந்தக் "கடைசி வரைக்கும்" என்பதுதான் என்னை ஒருநாள் நடுவாவியில் நிறுத்தியது. ஜனவரி, மழை விட்டு இரண்டு நாள், தண்ணீர் முகத்துவாரம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. என் மகனும் கூட. மீற்றர் 13.2 காட்டியது, கொஞ்ச நேரத்துக்கு முன்பும் 13.2 தான், நான் நிம்மதியாக இருந்தேன். லிதியத்தில் வோல்ற்றளவு கிட்டத்தட்ட முடியும் வரைக்கும் அப்படியேதான் நிற்கும், அதைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, போகிற அம்பியரை எண்ணுகிற மீற்றர் வேறாகப் பூட்ட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. பற்றரிக்கு உள்ளே இருக்கிற பாதுகாப்பு மின்பலகை திடீரென்று கரண்டை வெட்டியது. மெதுவாகி மெதுவாகி நிற்கவில்லை, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. அசிட் பற்றரி என்றால் மோட்டர் சோர்ந்து சோர்ந்து சொல்லிவிட்டுத்தான் நிற்கும்.

பிறகுதான் விளங்கியது, அது ஒருநாளும் முழுதாக நிறைந்திருக்கவே இல்லை. விற்றவர் "பழைய அசிட் சார்ஜரே போதும்" என்றார், நானும் நம்பினேன். இந்த வகை லிதியத்துக்கு 14.4 வோல்ற் அளவில் நிறுத்துகிற சார்ஜர் வேண்டும். என் பழைய சார்ஜர் தகடு துப்புரவாக்குகிறேன் என்று 15க்கு மேலே தூக்கும், பலகை உடனே வெட்டிவிடும், நான் காலையில் எழும்பிப் பார்த்து நிறைந்துவிட்டது என்று நினைப்பேன். ஆகவே பற்றரி விலையோடு புதிய சார்ஜர் விலை, அம்பியர் மீற்றர் விலை எல்லாவற்றையும் கூட்டித்தான் "மலிவு" என்று சொல்ல வேண்டும்.

அன்றைக்கு வீச்சுவலைக்கு வந்த ஒரு ஐயா கயிறு போட்டு எங்களைக் கல்லடிக் கரைக்கு இழுத்து வந்தார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. கல்லடிப் பாலத்தில் ஆட்கள் நின்றார்கள், பார்த்தார்கள். யாரும் என்னைப் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் "லிதியம் போட்டவர்களின் கதி" என்று யாராவது எழுதியிருப்பார்களா? எழுதியிருக்க மாட்டார்கள். காற்சட்டை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிற ஒருவன் நின்றால் அது மெசினின் பிழை. சாரத்தை மடித்துக் கட்டியவர் நின்றால் அது அவருடைய மூளையின் பிழை. "படுவான்கரை மூளை" என்றே ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

கொமெண்டில் எதிர்ப்பக்கம் நின்று "லிதியம் வெடிக்கும், போன் வெடிக்கிற மாதிரி" என்று எழுதி மாமாவுக்காகப் பேசியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நன்றி, ஆனால் அதுவும் பிழை. போனில் இருப்பது வேறு வகை, படகுக்கு வருகிற பெரும்பாலானவை இரும்பு பொஸ்பேற்று வகை, அது அவ்வளவு இலகுவில் தீப்பிடிக்காது. பொய்யைச் சொல்லி மாமாவைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

ஒரேயொரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. பாரம். ஒரு அக்கா கேட்டிருந்தா, "28 கிலோவை அந்த வயதில் தினமும் தூக்க வேண்டுமா?" என்று. நக்கல் இல்லாமல் கேட்ட ஒரே ஆள் அவதான். துறையில் கரண்ட் இல்லை அக்கா. ஒவ்வொரு முறையும் பற்றரியைத் தோணியிலிருந்து தூக்கிக் கரையில் வைத்து, சைக்கிள் கரியரில் ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டி, சேற்றுப் பாதையில் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறார். அவருக்கு 61 வயது. வலது தோள்மூட்டை இப்போது முழுதாக உயர்த்த மாட்டார், சட்டை போடும்போது மாமி பிடித்துவிட வேண்டும். பாலம் 2014இல் திறக்க முன்பு, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டியிருந்த காலத்தில், அம்மாவுக்கு என்னைப் பெறுகிற நோவு எடுத்த இரவில் பாதை இல்லையென்று தன் தோணியில் படுக்கவைத்து இதே தோளால் வலித்துக் கொண்டுபோனவர் அவர். நான் என் லிதியத்தை அவருக்குக் கொடுக்கப் போனேன். இரண்டு தடவை. "நீ பிள்ளையோட போறவன், நல்லதை நீ வெச்சிரு" என்றார். இதை எழுதும்போதும் எனக்கு அதுதான் காதில் கேட்கிறது.

யார் எதைப் போட வேண்டும் என்று கேட்டால் நான் சொல்வேன்: மாதத்தில் இரண்டு தடவை போகிறவருக்கு, தூக்க ஆள் இருந்தால், டீப் சைக்கிள் அசிட் போதும், பாவிக்காத நாளிலும் சார்ஜில் வைத்துக்கொள்ள வேண்டும். காருக்குப் போடுகிற பற்றரியை மட்டும் வாங்காதீர்கள், அதன் தகடு மெல்லியது, ஸ்டார்ட் பண்ணத்தான் செய்தது, மோட்டருக்குப் போட்டால் கெதியில் செத்துவிடும். தினமும் தொழிலுக்குப் போகிறவருக்கு லிதியம்தான் நல்லது. ஓம், மாமாவுக்கும் லிதியம்தான் நல்லது. அதை நான்தான் முதலில் சொன்னேன், நீங்கள் இல்லை. ஆனால் நான் அதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், பாலத்தின் மேலிருந்து சொல்லவில்லை.

படத்தைப் போட்டவருக்கு. உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தனியாக இரண்டு தடவை கேட்டுவிட்டேன், நீங்கள் பார்த்தும் பதில் போடவில்லை. மாமாவின் மகள் ஏ.எல். படிக்கிறாள், அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் போனுக்கும் அது போய்விட்டது. நேற்று வீட்டுக்குப் போனேன், "அப்பாக்கு இதைக் காட்டாதீங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். மாமா முற்றத்தில் பற்றரிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். இன்றிரவுக்குள் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.