ரான் வாஷிங்டனுக்குக் கூப்பர்ஸ்டவுனில் ஏன் இடமில்லை?

அமெரிக்க பேஸ்பாலில் தடுப்பாட்டத்தில் சிறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் ‘கோல்டு கிளவ்’ விருது தருகிறார்கள். ஓக்லண்ட் அணியின் தேர்ட் பேஸ் (மூன்றாம் தளம்) ஆட்டக்காரர் எரிக் சாவேஸ் 2001 முதல் 2006 வரை தொடர்ந்து ஆறு முறை அதை வென்றவர். அவற்றில் 2004ஆம் ஆண்டு விருதை அவர் தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் இல்லாமல் இது இல்லை என்ற பொருளில் ஒரு வரி எழுதி, தன் பயிற்சியாளர் ரான் வாஷிங்டனிடம் கொடுத்துவிட்டார். விருது யாருக்கெல்லாம் சேர வேண்டும் என்பது வென்றவருக்குத் தெரிந்திருக்கிறது. கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

அந்த மண்டபத்தில் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், ஆட்டத்தின்போது அணியை வழிநடத்தும் மேலாளர்கள் இருக்கிறார்கள், நடுவர்களும் அணி நிர்வாகிகளும்கூட இருக்கிறார்கள். மேலாளருக்குக் கீழே ஆட்டக்காரர்களைப் பழக்கும் பயிற்சியாளர் என்ற தகுதியில் இதுவரை ஒருவரும் உள்ளே போனதில்லை. அதற்கென்று ஒரு பிரிவே கிடையாது. இது அநியாயம் என்றே நான் சொல்வேன். ஏன் என்பதற்கு வாஷிங்டனின் வாழ்க்கையைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

1952இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். பெரிய குடும்பம், வசதி இல்லாத வீடு. அந்தக் காலத்தில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் உரிமையாளர் யூவிங் காஃப்மன், ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கியிருந்தார். ஓட்டமும் கண்பார்வையும் நன்றாக இருக்கும் இளைஞர்களை எடுத்து, ஆட்டத்தை அடியிலிருந்து கற்றுக்கொடுத்தால் தேர்ந்த ஆட்டக்காரர்களாக்கிவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. 1974இல் அதை மூடிவிட்டார்கள். ஆனால் பிற்காலத்தில் எட்டு கோல்டு கிளவ் வென்ற ஃபிராங்க் ஒயிட் அங்கிருந்து வந்தவர்தான். 1970இல் ராயல்ஸ் ஒப்பந்தம் செய்த வாஷிங்டனும் அங்கே படித்தவர்தான். திறமை பிறவியிலேயே வருவது என்று சொல்லிக் கைகழுவாமல், கற்றுக்கொடுத்தால் வரும் என்று நம்பிய இடத்தில் அவர் வளர்ந்தார். பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றிலும் அதன் தடம் இருக்கிறது.

ஆட்டக்காரராக அவர் கண்டது பெரும்பாலும் காத்திருப்புதான். 1977இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக பத்து ஆட்டங்கள் ஆடினார். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான பெரிய லீகில் மறுபடி கால்வைக்க 1981 ஆகிவிட்டது. மின்னசோட்டாவில் ஆறு ஆண்டுகள், பிறகு பால்டிமோர், கிளீவ்லண்ட், ஹூஸ்டன். மொத்தம் 564 ஆட்டங்கள், மட்டைச் சராசரி .261, அதாவது நான்கு முறை மட்டை பிடித்தால் ஒரு முறைக்குச் சற்று அதிகமாக வெற்றி அடி. ஒரே ஆண்டில் 100 ஆட்டங்களைத் தாண்டியது ஒரு முறைதான், 1982இல். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவிலான இடம்), செகண்ட் பேஸ் என்று எங்கே ஆள் தேவையோ அங்கே நின்றவர். பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் காலையும் கையையும் கவனிக்க அவருக்கு நிறைய நேரம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பேஸ்களை ஒட்டி நின்று தடுக்கும் இன்ஃபீல்டர் வேலை எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. அடித்தவர் முதல் பேஸை அடைய நான்கு விநாடிக்குச் சற்று அதிகம். அதற்குள் தரையில் உருண்டும் எகிறியும் வரும் பந்தைப் பிடித்து, கையுறையிலிருந்து வெறுங்கைக்கு மாற்றி, குறி தவறாமல் எறிய வேண்டும். பந்து எந்த எகிறலில் கைக்கு வர வேண்டும் என்பதைக் கால்தான் தீர்மானிக்கிறது. கால் தாமதித்தால் கை தடுமாறும்.

வாஷிங்டனின் பயிற்சிக் காணொளிகளை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆட்டக்காரர் புல்தரையில் முழங்காலிட்டிருப்பார். கையில் உள்ளங்கை அளவே இருக்கும் சின்னக் கையுறை. சில அடி தூரத்தில் வாஷிங்டன், பயிற்சிக்குப் பந்தடிக்க உதவும் மெலிந்த ஃபங்கோ மட்டையோடு இருப்பார். ஒரு பந்து நேராக, அடுத்தது கையுறைப் பக்கம், அதற்கடுத்தது புறங்கைப் பக்கம். எல்லாம் உடலுக்கு மிக அருகில் குத்தி எழும் பந்துகள். கால் உதவிக்கு வராததால் கையின் பிழை அப்படியே வெளியே தெரிந்துவிடும். ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் இடையே மூச்சுவிடத்தான் நேரம். அவர் வாய் ஓயாது. அதட்டல், பாராட்டு, சிரிப்பு எல்லாம் கலந்து வரும். பிறகுதான் எழுந்து நின்று காலசைவு. புதுமுகத்துக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரே பாடம். பெரிய லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் நடக்கும் அக்டோபரிலும் அதே பாடம்தான்.

இதன் பலனை எண்ணிக்கையில் பார்க்க வேண்டுமென்றால் மார்கஸ் செமியனைப் பாருங்கள். 2015இல் ஓக்லண்டின் ஷார்ட்ஸ்டாப்பாக 35 பிழைகள் செய்தார். அந்த ஆண்டு பெரிய லீகில் அதுதான் அதிகம். அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று பலரும் சொன்னார்கள். அந்த மே மாதம் ஓக்லண்டுக்குத் திரும்பி வந்த வாஷிங்டன், நாள் தவறாமல் அவரை முழங்காலிட வைத்தார். அடுத்த ஆண்டு பிழைகள் 21 ஆகக் குறைந்தன. 2021இல் டொரன்டோவுக்காக செகண்ட் பேஸில் செமியன் கோல்டு கிளவ் வென்றார். அதற்கும் முன்பு, முழங்கை நரம்புக் காயத்தால், அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கும் கேட்சர் வேலையை விட வேண்டியிருந்த ஸ்காட் ஹாட்டபர்க்கை 2002இல் ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டக்காரராக மாற்றியதும் இதே கைதான்.

மேலாளராகவும் அவர் சாதித்தார். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியை 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகத் தொடருக்குக் கொண்டுசென்றார். அதற்கு முன் அந்த அணி அங்கே போனதே இல்லை. 2011 அக்டோபர் 27 அன்று செயின்ட் லூயிஸில் ஆறாவது ஆட்டம். கோப்பைக்கு ஒரே ஒரு ஸ்டிரைக் பாக்கி, அதாவது எதிரணியில் அடிப்பவர் இன்னும் ஒரு பந்தைத் தவறவிட்டால் போதும் என்ற நிலை ஒரே இரவில் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நழுவியது. அதை இன்றும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை.

அவர் வாழ்க்கையில் கறை இல்லையா? இருக்கிறது. 2009இல் கொக்கெய்ன் சோதனையில் சிக்கினார். ஒப்புக்கொண்டு பதவி விலக முன்வந்தார். நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது, வீரர்களும் கூடவே நின்றார்கள். 2014இல் பதவி விலகி, பிறகு சொந்த வாழ்க்கைத் தவறு ஒன்றைப் பகிரங்கமாகச் சொன்னார். ஏஞ்சல்ஸ் அணியின் மேலாளராக 2024இல் 99 தோல்விகள். இவற்றை மறைத்து அவருக்காக வாதாட வேண்டிய தேவை எனக்கு இல்லை. மேலாளர் வாஷிங்டனைப் பற்றி யார் எப்படி வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லட்டும். நான் கேட்பது பயிற்சியாளர் வாஷிங்டனுக்காக.

2017 முதல் 2023 வரை அட்லான்டா பிரேவ்ஸ் அணியில் தேர்ட் பேஸ் கோச்சாக, அதாவது அந்த பேஸ் அருகே நின்று ஓடுபவர்களுக்குச் சைகை காட்டும் பயிற்சியாளராக இருந்தார். அந்த அணியின் இன்ஃபீல்டர்கள் ஆல்பிஸ், ஸ்வான்சன், ரைலி எல்லாரும் அவர் முன் முழங்காலிட்டவர்கள். சீசன் முடிந்த குளிர்காலத்திலும் விடவில்லை. இளைஞர் வான் கிரிசம் நியூ ஆர்லியன்ஸுக்கே போய் அவரிடம் பாடம் கேட்டார். 2021 நவம்பர் 2 அன்று ஹூஸ்டனில் பிரேவ்ஸ் உலகத் தொடரை வென்றது. கடைசி அவுட் ஷார்ட்ஸ்டாப்பை நோக்கி வந்த தரைப்பந்து. ஸ்வான்சன் எடுத்து ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற ஃபிரீமனுக்கு எறிந்தார், முடிந்தது. நாள்தோறும் மதியம் பழகிய பந்துதான் அது.

பயிற்சியாளரின் பங்கை அளக்க முடியாது என்று மறுப்பவர்கள் உண்டு. அதே பிரேவ்ஸின் தொண்ணூறுகளைப் பாருங்கள். பந்துவீச்சாளர்கள் மேடக்ஸ், கிளாவின், ஸ்மோல்ட்ஸ் மூவரும் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். மேலாளர் பாபி காக்ஸ் இருக்கிறார். நிர்வாகி ஜான் ஷூர்ஹோல்ட்ஸும் இருக்கிறார். காக்ஸின் பக்கத்தில் முன்னும் பின்னும் ஆடியபடியே உட்கார்ந்திருந்த பந்துவீச்சுப் பயிற்சியாளர் லியோ மஸோனி மட்டும் இல்லை. நடுவரின் பங்கை அளக்க வழி கண்டவர்களுக்கு இவர்களின் பங்கு மட்டும் எப்படி அளவுக்குள் அடங்காமல் போகிறது?

மேலாளர், நடுவர், நிர்வாகி ஆகியோரைத் தேர்ந்தெடுக்கும் குழு ஏற்கெனவே இருக்கிறது. அதன் பட்டியலில் ‘பயிற்சியாளர்’ என்ற பிரிவைச் சேர்த்தால் போதும். முதல் பெயர்களாக மஸோனியும் வாஷிங்டனும் வரட்டும். 2025 கோடையில் வாஷிங்டனுக்கு இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்தது. எழுபதைத் தாண்டிவிட்டார். விதியைத் திருத்துவதென்றால், அவர் மேடையேறிப் பேசும்படி இப்போதே திருத்துங்கள்.