கரும்புச் சக்கை வீணாகப் போகும் குப்பையா?

“ஆலைகள் சக்கையைக் குப்பையில் கொட்டுகின்றன, அதை ரசாயனமே இல்லாமல் அரைத்தால் காகிதம் இலவசம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

சர்க்கரை ஆலைக்குச் சக்கைதான் விறகு. அதைக் கொதிகலனில் எரித்துத்தான் நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். அதனால்தான் கரூர் காகிதபுரத்தில் 1984 முதல் சக்கையில் காகிதம் செய்யும் தமிழ்நாடு அரசின் காகித நிறுவனமான டிஎன்பிஎல், ஆலைகளுக்கு அதற்கு ஈடாக வேறு எரிபொருளோ நீராவியோ தரும் ஏற்பாட்டைச் செய்தது. இலவசம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது ரசாயனம். சக்கையில் காகிதத்துக்குத் தேவையான நார்ப்பொருளான செல்லுலோஸ் பாதிக்கும் குறைவு. நார்களை ஒட்டிப் பிடித்திருப்பது லிக்னின், அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வெறுமனே அரைத்தால் அது போகாது, எழுதும் காகிதம் வெள்ளையாகவும் உறுதியாகவும் வராது. முதலில் சக்கையின் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற சோற்றுப் பகுதியை நீக்க வேண்டும், அப்புறம் காஸ்டிக் சோடாவில் வேகவைக்க வேண்டும், பிறகு வெளுக்க வேண்டும். வேகவைத்த பின் மிஞ்சும் கருந்திரவத்தை எரித்துச் சோடாவை மீட்கிறார்களா, ஆற்றில் விடுகிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சக்கைக் காகிதம் மரம் வெட்டுவதைக் குறைக்கிறது, அதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் செலவே இல்லை என்று சொல்லிப் பரப்பாதீர்கள்.