டாங்கே சொன்னா காப்பி கிடையாது

(திருநெல்வேலி டவுன். மகளைப் பார்க்க ஸ்டுட்கார்ட் கிளம்பும் பெரியப்பா. தொண்ணூறு நாள் விசா. பயிற்சி கொடுப்பவள் வசந்தி, ஜெர்மன் டியூஷன் எடுப்பவள். நடுவில் ஒரு தட்டு முறுக்கு. பாடத்துக்கு இதுதான் முக்கியம்.)

வசந்தி: நான் ஜெர்மன்காரம்மா. நீங்க விருந்தாளி. (தட்டை நீட்டி) காஃபே?

பெரியப்பா: ஐயோ, எதுக்கும்மா சிரமம்? வேண்டாம்.

வசந்தி: சரி. (தட்டு உள்ளே போகிறது.)

பெரியப்பா: ஏட்டி, தட்டு எங்க போகுது?

வசந்தி: வேண்டாம்னு சொன்னீங்கள்லா.

பெரியப்பா: அது முதல் வேண்டாம்!

வசந்தி: இன்னும் எத்தனை இருக்கு?

பெரியப்பா: மொத்தம் மூணு சுத்து. முதல்ல 'ஐயோ வேண்டாம்'. அடுத்து 'இப்பதான் சாப்ட்டு வாரோம்'. மூணாவது 'சரி, அரை டம்ளர்'. அரை டம்ளர்னா முழு டம்ளர்.

வசந்தி: இதை உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

பெரியப்பா: இதையெல்லாமா ஒருத்தர் சொல்லிக் குடுப்பாங்க?

வசந்தி: அங்க ஒரே சுத்துதான். வேண்டாம்னா வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்டா, நீங்க சொன்னதை மதிக்கலைன்னு ஆயிரும்.

பெரியப்பா: சரி, இன்னொரு தடவை கேளு.

வசந்தி: காஃபே?

பெரியப்பா: டாங்கே!

(தட்டு மறுபடியும் உள்ளே.)

பெரியப்பா: நன்றிதான சொன்னேன்!

வசந்தி: நீட்டும்போது வெறும் டாங்கே சொன்னா 'வேண்டாம், நன்றி'ன்னு அர்த்தம். வேணும்னா 'யா, பிட்டே'. கையில வாங்கினப்புறம் டாங்கே. தலையை மட்டும் ஆட்டிட்டு நிக்காதீங்க. நம்ம ஆட்டுற ஆட்டு ஆமாவா இல்லையான்னு அவங்களுக்குப் பிடிபடாது.

பெரியப்பா: யா, பிட்டே. (முறுக்கு கிடைக்கிறது.) டாங்கே. என்ன இருந்தாலும் இப்படியா பட்டுன்னு பேசுவாங்க?

வசந்தி: வீட்டுல அரிசி தீந்துபோனா பெரியம்மா என்ன சொல்லுவாங்க?

பெரியப்பா: 'அரிசி நெறைஞ்சிருக்கு'ம்பா.

வசந்தி: நீங்க?

பெரியப்பா: பையைத் தூக்கிட்டுக் கடைக்கு ஓடுவேன்.

வசந்தி: இதையே ஜெர்மன்காரம்மாகிட்ட சொன்னா?

பெரியப்பா: (யோசித்து) ரொம்ப சந்தோஷம்பா.

வசந்தி: அடுத்து, நேரம். 'ஹால்ப் ஆஹ்ட்'டுக்கு வாங்கன்னு கூப்பிடுதாங்க. ஹால்ப்னா அரை, ஆஹ்ட்னா எட்டு.

பெரியப்பா: எட்டரை. ஒம்பதுக்குக் கெளம்பினா சரியா இருக்கும்.

வசந்தி: ஏழரை. எட்டை நோக்கிப் பாதி வந்தாச்சுன்னு கணக்கு.

பெரியப்பா: ஏழரையா? கடல் தாண்டிப் போனாலும் அது விடாதா!

வசந்தி: பத்து நிமிஷம் பிந்தும்னா முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிரணும்.

பெரியப்பா: பக்கத்து வீட்டுப் பொம்பளையை அக்கான்னு கூப்பிடலாமா?

வசந்தி: கூடாது. 'ஃப்ரௌ'ன்னா திருமதி மாதிரி. அதோட அவங்க குடும்பப் பேரையும் சேத்துக் கூப்பிடணும். 'நீங்க'ங்கிறதுக்கு 'ஸீ'. 'நீ'ங்கிறது 'டூ'. பெரியவங்களா இருந்து 'டூன்னே கூப்பிடலாம்'னு அவங்க வாயால சொன்னா மட்டும் அதுக்கு மாறணும்.

பெரியப்பா: நாந்தான வயசுல பெரியவன்?

வசந்தி: அப்ப நீங்கதான் முதல்ல சொல்லணும். அவசரமில்ல. பேக்கரியில விரலைக் காட்டுறதும் வேற: ஒண்ணுன்னா கட்டைவிரல். ரெண்டுன்னா அதோட ஆள்காட்டி விரல்.

பெரியப்பா: கட்டைவிரலா? கடைக்காரனுக்குப் பெப்பே காட்டவா?

வசந்தி: காட்டுங்க, ஒரு பன் கிடைக்கும். யாருக்காவது நாளைக்குப் பொறந்தநாள்னா இன்னைக்கே வாழ்த்திறாதீங்க. முந்திச் சொன்னா ஆகாதும்பாங்க.

பெரியப்பா: (முகம் மலர்ந்து) இப்பதாம்மா மனுஷங்க மாதிரி தெரியுது! கெளம்புறவங்ககிட்ட 'எங்க போறீங்க'ன்னா ஆகாதுன்னு நாம 'தூரமா'ன்னு கேப்போம்லா, அது மாதிரி.

வசந்தி: அதேதான். சரி, நான் வாரேன் பெரியப்பா.

பெரியப்பா: இரும்மா, காப்பி குடிச்சிட்டுப் போ.

வசந்தி: ஐயோ, வேண்டாம் பெரியப்பா.

பெரியப்பா: சரி.

(டம்ளரோடு உள்ளே போய்விடுகிறார். திரும்பி வந்து பார்த்தால், வசந்தி ஒரு கால் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாள்.)

பெரியப்பா: என்னம்மா, தூரமா?

வசந்தி: அரை டம்ளர்.